புதுச்சேரியிலிருந்து ஒரே நாளில் வைன் தோட்டமா? பண்ருட்டிக்குப் போங்கள்

கேள்வி: பிரான்சில் போர்தோ பக்கம் இருக்கும் என் அண்ணனும் அண்ணியும் ஜூனில் வருகிறார்கள். அங்கே லீவு நாளில் வைன் தோட்டத்துக்குப் போய் ருசி பார்த்து, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவார்களாம். இங்கிருந்து அப்படிப் போய்வர இடம் உண்டா? அம்மாவும் வருவார், முழங்கால் வலி.
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: ஒரே நாளில் நிம்மதியாகப் போய்வரும் தூரத்தில் வைன் தோட்டம் நமக்குக் கிடையாது. நந்தி மலைப் பக்கம் இருக்கிறது, ஆனால் பெங்களூரே இங்கிருந்து 300 கிலோமீட்டர், அப்புறம் அந்த ஊர் டிராஃபிக்கையும் தாண்டிப் போக வேண்டும், முழங்கால் வலியோடு அம்மாவை அப்படி உட்கார வைக்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கு அதைவிடத் தூரம், அங்கே விளையும் பன்னீர் திராட்சையும் பெரும்பாலும் சாப்பிடத்தான் போகிறது.

அண்ணன் கேட்பது திராட்சை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஊர் ஒரு விளைச்சலை வைத்தே வாழ்வதைப் பார்த்து, அங்கேயே ருசித்து வாங்கி வருவது. அதற்குப் பண்ருட்டி இருக்கிறது. கடலூர், நெல்லிக்குப்பம் வழியாகப் போனால் வழியெல்லாம் கரும்பு, பண்ருட்டி தாண்டிக் காடாம்புலியூர்ப் பக்கம் செம்மண்ணில் முந்திரியும் பலாவும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது, அதனால் இளம் மரங்களையும் நிறையப் பார்ப்பீர்கள். தோப்பு என்றால் தனியார் நிலம், கேட்காமல் நுழைய வேண்டாம், தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே பேசிவிட்டால் மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடலாம். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

ஜூனில் பலா நன்றாகக் கிடைக்கும். முள் நெருக்கமாகவும் கூராகவும் இருந்தால் இன்னும் காய், முள் அகன்று மழுங்கி, தட்டினால் 'டொப்'பென்று கேட்டு, வாசனையும் வந்தால் பழம். வியாபாரியிடம் இன்றைக்கே அறுக்கவா, இரண்டு நாள் கழித்தா என்று சொல்லிக் கேளுங்கள், அவர் கை நம் காதைவிடத் தெளிவு. அறுக்கும்போது கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லவே வேண்டாம், அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

முந்திரிப் பழம் பார்க்க ஏப்ரல், மே மாதத்தில் வந்திருக்க வேண்டும். கோவாவில் அதைப் பிழிந்து ஃபெனி காய்ச்சுகிறார்கள், நம் பக்கம் உப்புத் தொட்டுத் தின்பதோடு சரி (சாறு சட்டையில் பட்டால் கறை போகாது). பருப்பு எப்போதும் கிடைக்கும். கடையில் சொல்லும் தரம் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் ஏறும். பாயசத்துக்கும் பொங்கலுக்கும் பெரிய முழுப்பருப்பு வாங்குவது வீண் செலவு, உடைந்ததே போதும். வாங்குமுன் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள், சிக்கு வாடை வந்தால் பழைய சரக்கு. உடைக்காத பச்சைக் கொட்டையை மட்டும் யாரும் கடிக்க வேண்டாம், ஓட்டு எண்ணெய் பட்டால் உதடு வெந்துவிடும்.

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் பண்ருட்டியை ஒட்டியே இருக்கிறது, திலகவதியார் தம்பி அப்பரைச் சைவத்துக்கு மீட்ட தலம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் தோப்பு. போகிற வழிதானே என்று திருவந்திபுரம், சிதம்பரம், பிச்சாவரம் எல்லாவற்றையும் சேர்த்தால் அம்மா காரிலேயே களைத்துவிடுவார்.

ஒரு விஷயம், மரத்தடியில் சாப்பிடும்போது கூட இருக்கட்டும் என்று புதுச்சேரியில் வைன் பாட்டில் வாங்கிக் காரில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம், எல்லையிலேயே சோதனைச் சாவடி உண்டு, பிடித்தால் காரும் போகும். ராத்திரி ஊர் திரும்பியதும் ஒயிட் டவுனில் ஏதாவது ஒரு ரெஸ்டாரன்டில் உட்கார்ந்து அண்ணன் விருப்பப்படி குடிக்கட்டும், ஆனால் அவர்தான் கார் ஓட்டுகிறார் என்றால் வீடு திரும்ப ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.