கணிதத்தை விட்டுவிடச் சொல்கிறது பள்ளி: எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளி ஒன்றில் கணிதம்-உயிரியல் பிரிவில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 90க்கு 19 மதிப்பெண்தான். கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவுக்கு மாற்றும்படி நாங்களே விரும்பிக் கேட்பதாக எழுதித் தரச் சொல்கிறார்கள். அவளுக்கோ சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. விடைத்தாளின் நகலை அனுப்பியுள்ளேன். என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம். காரணம் விடைத்தாளிலேயே இருக்கிறது. சைன் 75 பாகையின் மதிப்பைக் காணும் கணக்கில், 75ஐ 45, 30 எனப் பிரித்து, சூத்திரத்தையும் நான்கு மதிப்புகளையும் பிழையின்றி எழுதியிருக்கிறாள். கடைசி வரியில் மட்டும், பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ள எண்) ஒரே எண்ணாக உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளையும் சேர்த்துக் கூட்டி, 2√2 இருக்க வேண்டிய இடத்தில் 4√2 என்று போட்டுவிட்டாள். இதே தவறு இன்னும் மூன்று கணக்குகளில் தெரிகிறது. முக்கோணவியல் புரிந்த பெண்ணுக்குச் சிறு வகுப்பில் படித்த பின்னக் கூட்டல் உறுதிப்படவில்லை. சில வாரப் பயிற்சியில் சரிசெய்யக்கூடிய குறை இது.

பிரிவை மாற்றுவதால் இந்தக் குறை தீராது என்பதைப் பள்ளியும் யோசித்திருக்க வேண்டும். தூய அறிவியலிலும் இயற்பியலும் வேதியியலும் உண்டு. அங்கும் இதே பின்னங்கள்தான் வரும். அதோடு, இதுவரை நடந்த தாவரவியல், விலங்கியல் பாடங்களை அவள் விரிவாகப் படித்து ஈடுகட்டவும் வேண்டியிருக்கும்.

இழப்பு எதுவென்றும் பாருங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணிதத்தை விட்டால் சிவில் கனவு அங்கேயே நின்றுவிடும். 12ஆம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற பள்ளியின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால், அதற்கான விலையை ஒரு பதினாறு வயதுப் பெண் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டதால், இந்த ஆண்டை அடிப்படையைச் சரிசெய்யவே பயன்படுத்தலாம்.

பிரிவு மாறுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டாரின் வற்புறுத்தலால் முதல் குரூப்பில் சேர்ந்து, கணக்கு நோட்டைக் கண்டாலே கலங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறார்களோ அவ்வளவு நல்லது. ஆகவே மகளிடம் தனியாக ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவள் கணிதம் வேண்டும் என்றால், கணித ஆசிரியரை நேரில் சந்தித்து, இந்த விடைத்தாளை அவர் முன் விரித்து, பின்னம், குறியீடு, சமன்பாடு ஆகிய மூன்றுக்கும் அரையாண்டுத் தேர்வு வரை தனிப்பயிற்சி தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகும் நிர்வாகம் வற்புறுத்தினால், மாற்றச் சொல்வது பள்ளிதான் என்பதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் நடந்ததைத் தேதியோடு எழுதி மனுவாகக் கொடுங்கள்.