சைக்கட் (பனை போலத் தெரியும், கூம்பு விடும் செடி வகை) இலைத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வகை பிரிக்க முடியுமா?

கேட்டவர் மாணவராகத்தான் இருக்கணும், நாளைக்கே ரிப்போர்ட் கொடுக்கணும் போல. பேரினம் (genus) வரைக்கும் பெரும்பாலும் முடியும். அதற்கு முதலில் மைக்ராஸ்கோப்கூட வேண்டாம், சிற்றிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஒரே நரம்பு, பக்க நரம்பு கிடையாது என்றால் சைக்கஸ் என்ற பேரினம். நடு நரம்பிலிருந்து இருபுறமும் கிளை நரம்புகள் போனால் ஸ்டான்ஜீரியா. இந்தத் தென்னாப்பிரிக்கச் செடியை 1850களில் கூம்பு தெரியும்வரை பெரணி என்றே வைத்திருந்தார்கள். நடு நரம்பே இல்லாமல் இணை நரம்புகள் ஓடினால் ஸேமியா, என்செஃபலார்டோஸ் பக்கம் தேடுங்கள்.

தோல் விஷயத்தில் எனக்கொரு சூடு உண்டு. சிங்கப்பூரில் ஒரு பள்ளியில் லேப் அசிஸ்டெண்டாக இருந்தேன். இலைத்துளை (இலை காற்றை உள்ளே வெளியே விடும் நுண்துளை) பார்க்க எப்போதும் ரோயோ என்ற தொட்டிச் செடியின் இலைதான். ஒரு வருடம் ஆசிரியை வித்தியாசமாக வேண்டும் என்றதால், வாசலில் நின்ற சைக்கஸ் ரெவல்யூட்டாவில் நகப்பூச்சு தடவி உரித்து ஸ்லைடு போட்டேன். மேல்பக்கத்தில் வெறும் செல்கள், கீழ்ப்பக்கத்தில் ரோமமும் அழுக்கும். பிள்ளைகள் "இலைத்துளை இல்லை" என்று எழுதிவிட்டார்கள். "அங்கிள், ஸ்லைடு சரியா வரலை போல" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னார் ஆசிரியை.

இரண்டு சிற்றிலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டு போட்டு, துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் ஜாம் பாட்டிலில் ஊறவைத்தேன். வீடே நீச்சல்குளம் மாதிரி நாறுகிறது என்று மனைவி சண்டை. சில நாளில் சதை இளகியது. மெல்லிய பிரஷால் தள்ளிவிட, வெங்காயச் சருகு போலத் தோல் மட்டும் நின்றது. அதில் சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு. கீழ்த்தோலில் இலைத்துளைகள் இருந்தன! சுற்றுச் செல்கள் கிணற்றுச் சுவர் மாதிரி எழும்பி நிற்க, துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்கள் அடியில் கிடந்தன. நகப்பூச்சு கிணற்றின் வாயைத்தான் பிரதி எடுத்திருக்கிறது. மேல்தோலில் துளையே கிடையாது, அங்கே தடவியது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை ஸ்லைடைக் காட்டினேன். "ஓ, நைஸ் அங்கிள்" என்றார். பிள்ளைகளின் தாளை யாரும் திருத்தவில்லை.

டிஎன்ஏ காலத்தில் தோல் எதற்கு என்று சிலர் கமெண்டில் வருவார்கள், தெரியும். புதைபடிவ சைக்கட் இலையில் டிஎன்ஏவுக்கு எங்கே போவது? பென்னட்டிட்டேல்ஸ் என்ற அழிந்துபோன கூட்டத்தின் இலை, பார்வைக்கு சைக்கட் இலையேதான். 1913இல் ஹாம்ஷா தாமஸ், நெல்லி பான்கிராஃப்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் இரண்டின் கியூட்டிகிளையும் (தோலின் மேல் படிந்த மெழுகுப் படலம்) ஒப்பிட்டு, இலைத்துளை அமைப்பே வேறு என்று காட்டினார்கள். பென்னட்டிட்டேல்ஸில் காப்புச் செல்லும் பக்கத்துச் செல்லும் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிறந்தவை என்றும், சைக்கட்டில் அப்படியில்லை என்றும் பிறகு ஃப்ளோரின் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் விளக்கினார். ஆனால் சைக்கஸுக்குள் இனம் பிரிக்கத் தோலை மட்டும் நம்பாதீர்கள், கூம்பும் வேண்டும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. தாழ்வாரத்தில் நான் வைத்திருந்த சைக்கஸ் தொட்டி வழியை அடைக்கிறதாம், எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சைக்கிள் இரண்டும் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.