“தெரியலம்மா” என்பதும் ஒரு பதில்தான்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 18 வயது. ஆட்டிசம் என்று 13 வயதில்தான் உறுதி செய்தார்கள். இந்த ஆண்டு பள்ளியை முடித்துவிட்டாள். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று எப்போது கேட்டாலும் “தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். மூன்று மாதமாக இப்படித்தான். இரவெல்லாம் விழித்திருந்து எழுத்துகளை வரைகிறாள், ஒரே ‘ழ’வை ஐம்பது விதமாக. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பிறகு இவள் என்ன செய்வாள் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. ஆட்டிசம் உள்ள உங்கள் அண்ணன் மகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் மழுப்பவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, அதைத்தான் சொல்கிறாள். பார்த்திராத இடத்தில், பழகாத மனிதர்களோடு, செய்திராத ஒரு வேலையில் தன்னைக் கற்பனை செய்துபார்த்தால்தானே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்? ஆட்டிசம் உள்ள பலருக்கு அது மிகக் கடினம். என் அண்ணன் மகனும் இதே வயதில் இதே பதிலைத்தான் சொன்னான். நாங்கள் குரலை உயர்த்தி மறுபடி மறுபடி கேட்டோம். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பள்ளி என்பது பாடம் மட்டும் இல்லையே. மணி அடிக்கும், அதே பெஞ்சு, அதே முகங்கள், எந்த நாளில் எந்த வகுப்பு என்ற அட்டவணை. பத்துப் பன்னிரண்டு வருடம் பிடித்து நடந்த அந்தக் கயிறு ஒரே நாளில் அறுந்துவிட்டது. அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும். அதோடு களைப்பும் சேர்ந்திருக்கலாம். மற்றவர்களைப் போலத் தெரிவதற்காகக் கண்ணைப் பார்த்துப் பேசி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, இரைச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு வரும் களைப்பு அது. வெளியிலிருந்து பார்த்தால் சோம்பல் போலவே தெரியும்.

அதனால் முதலில் ஓய்வு கொடுங்கள். நாளுக்கு ஒரு சின்னச் சட்டகம் மட்டும் இருக்கட்டும்: எழுந்திருக்க ஒரு நேரம், வீட்டில் அவள் பொறுப்பில் ஒரு வேலை, வெளியே ஒரு நடை. ஆனால் சாப்பாடு குறைந்தாலோ, பிடித்த வரைதலையே அவள் விட்டுவிட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஏதாவது சொன்னாலோ உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும் பதற்றமும் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கூடுதலாகவே வருகின்றன.

இந்த இடத்தில் டொனால்ட் டிரிப்ளெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றிய முதல் முக்கியமான கட்டுரையில் 11 குழந்தைகளை விவரித்தார். அதில் முதல் குழந்தை இந்த டொனால்ட். சிறுவயதில் சில காலம் அவரை ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர விட்டிருந்தார்கள். 1945-இல் கானர் அங்கே போய்ப் பார்த்தார். எதையாவது அளந்துகொண்டே இருப்பது டொனால்டின் பழக்கம். அந்தத் தம்பதி அவரைக் கிணறு தோண்டவிட்டு, எவ்வளவு ஆழம் என்று வந்து சொல்லச் சொன்னார்கள். வயலில் மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினார். சரி, உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். பழக்கத்தை அடக்கவும் இல்லை, அதைப் பெரிய மேதைமை என்று கொண்டாடவும் இல்லை. ஒரு வேலையோடு கோத்துவிட்டார்கள். டொனால்ட் பிறகு கல்லூரிப் பட்டம் பெற்று, வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, பல நாடுகளுக்குப் பயணம் போய், 2023-இல் 89 வயதில் காலமானார். குடும்பம் வசதியானது, அவர் வேலை பார்த்ததும் தாய்வழிக் குடும்பத்தாரின் வங்கியில்தான். அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் உழுதுகொண்டே எண்ணச் சொல்வதற்குப் பணம் தேவையில்லை.

அதற்காக உங்கள் மகளை எழுத்துரு வடிவமைப்பாளராக்கிவிட வேண்டும் என்று இன்றே கிளம்பிவிடாதீர்கள். இரவில் அவளுக்கு மூச்சுவிட இடம் தருவது அந்த ‘ழ’தான். அதைச் சம்பாதிக்கும் வழியாக மாற்றலாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது கேள்வியைச் சின்னதாக்குவது. “என்ன ஆகப் போகிறாய்” வேண்டாம். “அச்சகம் ஒன்றைப் போய்ப் பார்க்கலாமா, நூலகத்தில் புத்தகம் அடுக்கிப் பார்க்கிறாயா?” என்று இரண்டே தெரிவுகள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள், கைப்பேசியில் அனுப்பினாலும் சரி. பதிலுக்கு இரண்டு நாள் விடுங்கள். போகும் இடத்தின் படத்தை முன்கூட்டியே காட்டுங்கள். விளக்கு எப்படி, சத்தம் எவ்வளவு, கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பலாம், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் போதும். பிடிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். எது பிடிக்கவில்லை, வேலையா, மேலே சுற்றிய மின்விசிறியின் சத்தமா என்று பிரித்துப் பாருங்கள். என் அண்ணன் மகன் ஒரு பயிற்சியை ஒன்பதே நாளில் விட்டுவிட்டான். அந்த வேலையே ஒத்துவரவில்லை என்று நினைத்தோம். மதிய இடைவேளையில் யாரோடு உட்காருவது என்று தெரியாததுதான் காரணம் என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

வேலை என்று வரும்போது நேர்காணலைவிடச் செய்துகாட்டும் வாய்ப்பைக் கேளுங்கள். நேர்காணலில் பேச்சுக்குத்தான் மதிப்பெண். டென்மார்க்கில் தோர்கில் சோன என்பவர், மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வேலை கொடுக்க 2004-இல் ஸ்பெஷலிஸ்டெர்ன என்ற நிறுவனத்தையே தொடங்கினார். ஆட்களை அங்கே வேலையைச் செய்யவைத்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கல்லூரி என்றால், தேர்வில் கூடுதல் நேரமும் அமைதியான அறையும் கிடைக்குமா என்று சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

“எனக்குப் பிறகு?” என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் அன்றாடக் காரியங்களில் வயதுக்குப் பல படி பின்தங்கியிருப்பது ஆட்டிசத்தில் அடிக்கடி காண்பது. பள்ளி அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. தனியாகப் பேருந்தில் போவது, மருத்துவரிடம் தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வது, பணத்தைக் கணக்குப் பார்ப்பது, உதவி வேண்டும் என்று கேட்பது. இந்த ஒரு வருடம் இவற்றில் இரண்டு கைவந்தால்கூட, வேறு எதுவுமே நடக்காவிட்டாலும், நான் அதை நல்ல வருடம் என்றே சொல்வேன்.

உறவினர்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்: “இந்த வருஷம் வீட்டில் இருக்கிறாள், நாங்கள்தான் முடிவு செய்தோம்.” அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அப்புறம், அந்த ஐம்பது ‘ழ’வையும் பார்க்கலாமா என்று அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காட்டினால், எதற்குப் பயன்படும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எது அவளுக்குப் பிடித்த ‘ழ’, ஏன் என்று கேளுங்கள்.

அன்புடன்.