சராசரி ரேட்டிங்கா, நமக்குன்னு கணிச்ச ரேட்டிங்கா: எதை நம்பி படம் பாக்கறது?

கேள்வி இதான்: "ஒரு படத்துக்கு எல்லாரும் போட்ட சராசரி ரேட்டிங்கை நம்பலாமா, இல்ல 'உங்களுக்கு இது இவ்ளோ பிடிக்கும்'னு ஆப் கணிச்சு சொல்றதை நம்பலாமா?"

தனியா உக்காந்து பாக்கறதா இருந்து, நீங்க ஏற்கனவே ஒரு அம்பது அறுபது படத்துக்காச்சும் மனசறிஞ்சு மார்க் போட்டிருந்தா, கணிப்பைத்தான் நம்புங்க. வீட்டோட சேந்து பாக்கறதா இருந்தா நான் ரெண்டையும் நம்ப மாட்டேன், வேற ஒன்னைப் பாப்பேன், அது என்னன்னு கீழ சொல்றேன். இதை எனக்குப் புரிய வெச்சது கம்ப்யூட்டர் இல்ல, எங்க அப்பா.

அப்பா சேலத்துல ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல ரெப்பா இருந்தாரு. படப்பெட்டி கூடவே பஸ் ஏறிப் போயி, தியேட்டர்ல உக்காந்து ஒவ்வொரு ஷோவுக்கும் எத்தன டிக்கெட் போச்சுன்னு எண்ணி, டிசிஆர்னு சொல்ற அன்னாட வசூல் கணக்கை எழுதி வாங்கிட்டு வர்ற வேலை. சினிமா யாவாரத்துல தமிழ்நாட்டை ஒரே ஊரா யாருமே பாக்க மாட்டாங்க. சென்னை சிட்டி தனி, கோயமுத்தூர் தனி, மதுரை ராமநாதபுரம் தனி, திருச்சி தஞ்சாவூர் தனி, நம்ம சேலம் தர்மபுரி தனின்னு ஏரியா ஏரியாவாத்தான் படத்தை விப்பாங்க, ஏன்னா ஒரே படம் அங்க நூறு நாள் ஓடும், இங்க மூணாவது நாளே காத்து வாங்கும். தமிழ்நாடு முழுக்க சேத்து இந்தப் படம் சராசரியா இவ்ளோ வசூல்னு ஒரு நம்பரைச் சொன்னா சேலத்துல படம் வாங்குறவருக்கு அதுல ஒன்னுமே இல்ல.

அப்பாவோட நோட்டு இன்னும் வீட்ல இருக்கு. காலிகோ அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு. இடது பக்கம் ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், ராசிபுரம்னு ஊர் பேரு, அடுத்து ஷோ, டிக்கெட் எண்ணிக்கை, ஓரத்துல பென்சில்ல சின்னதா "லேடீஸ் ஜாஸ்தி", "செகண்ட் ஷோ பசங்க மட்டும்", "சந்தை நாள், மேட்னி ஃபுல்"னு எழுதியிருப்பாரு. ஆபீஸ்ல படம் எப்படின்னு கேட்டா நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்லவே மாட்டாராம், "மேட்டூர்ல மூணு வாரம் நிக்கும், டவுன்ல ஒரு வாரத்துல எடுத்துருவாங்க"ன்னுதான் சொல்லுவாரு. டிக்கெட் எண்ணிக்கைக்குத்தான் அவருக்குச் சம்பளம், ஆனா அவரோட அறிவு அந்தப் பென்சில் எழுத்துலதான் இருந்துச்சு.

ஆப் செய்றதும் கிட்டத்தட்ட இதேதான். ரொம்பப் பேரு நினைக்கற மாதிரி சராசரியும் கணிப்பும் எதிரெதிர் கட்சி இல்லைங்க, கணிப்புக்குள்ளயே சராசரி உக்காந்திருக்கு. ஒரு படத்துக்கு அஞ்சுக்கு 3.9 சராசரின்னு வைங்க. நான் கை இறுக்கமா மார்க் போடுறவன், எல்லாரும் போடறதை விட வழக்கமா 0.4 கம்மியா போடுவேன், அப்ப என் கணக்குக்கு அது 3.5 ஆகுது. என் தங்கச்சி எல்லாப் படத்துக்கும் அள்ளிக் குடுப்பா, அவளுக்கு 0.3 ஏத்தி 4.2. இன்னும் ரசனை பக்கமே போகல, யாரு எப்படி மார்க் போடுவாங்கங்கற பழக்கத்தை மட்டும்தான் சரி பண்ணிருக்கோம், அதுக்கே ஒரே படத்துல எங்களுக்குள்ள 0.7 ஸ்டார் வித்தியாசம் வந்துருச்சு. இதுக்கு மேலதான் உங்கள மாதிரியே மார்க் போட்ட மத்தவங்களைத் தேடி அவங்க இந்தப் படத்துக்கு என்ன போட்டாங்கன்னு பாக்கறது, இல்லன்னா மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன்னு சொல்ற முறைல, உங்களுக்கும் படத்துக்கும் பேர் இல்லாத சில குணங்களைக் கணக்குலயே கண்டுபிடிச்சு ரெண்டும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாக்கறதுன்னு வருது.

நீங்க மார்க்கே போடாம இருந்தா ஆப்புக்கு உங்களைப் பத்தி ஒன்னும் தெரியாது, அதனால சராசரியைத்தான் சுத்தி சுத்தி சொல்லும். நம்ம ஊரு சின்னப் படங்களுக்கு ஓட்டு போட்டவங்களே கம்மியா இருந்தாலும் இதே கதைதான். "கணிப்பு எனக்குச் சரியா வரல"ன்னு சொல்ற நிறையப் பேரு பத்துப் படத்துக்குக் கூட மார்க் போட்டிருக்க மாட்டாங்க.

எவ்ளோ வித்தியாசம் வரும்னு கேட்டா அதுக்கு நல்ல கணக்கு ஒன்னு இருக்கு. நெட்ஃபிளிக்ஸ் 2006-ல ஒரு போட்டி வெச்சாங்க, அவங்க கணிப்பு முறையை 10 சதவீதம் மேம்படுத்தினா 10 லட்சம் டாலர் பரிசு. கிட்டத்தட்ட 4,80,000 பேரு 17,770 படத்துக்குப் போட்ட 10 கோடி ரேட்டிங்கை அள்ளிக் குடுத்துட்டாங்க. அதுல படத்தோட சராசரியை மட்டும் வெச்சு கணிச்சா பிழை, அதாவது கணிச்ச மார்க் நிஜமா போட்ட மார்க்குலருந்து தள்ளிப் போற அளவு, சுமாரா 1.05 ஸ்டார், அவங்க அப்ப வெச்சிருந்த முறைல 0.95, மூணு வருசம் உலகம் முழுக்க மண்டையை உடைச்சு 2009-ல ஜெயிச்ச டீமுக்கு 0.86. இவ்ளோதானான்னு தோணும். ஆனா கொஞ்சம் யோசிச்சா, பிழை அந்தக் கொஞ்சம் குறைஞ்சாலே உங்க லிஸ்ட்டுல மேல வர்ற பத்துப் படம் நிறையவே மாறும், நாம பாக்கறதும் அந்தப் பத்தைத்தான், அஞ்சாயிரமாவது எடத்துல என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா.

அந்தப் போட்டில எல்லாருக்கும் தண்ணி காட்டின ஒரு படம் உண்டு, 2004-ல வந்த 'நெப்போலியன் டைனமைட்'. நிறையப் பேரு அஞ்சு போடுவாங்க, நிறையப் பேரு ஒன்னு போடுவாங்க, யாரு எதுன்னு ரசனையை வெச்சு சொல்லவே முடியல. இந்த மாதிரி படத்துக்கு சராசரி 3 ன்னு வரும், ஆனா அந்த 3-ஐப் போட்ட ஆளைத் தேடினா கெடைக்கறது கஷ்டம்.

இங்கதான் வீட்டோட பாக்கற விசயம் வருது. ஒரு மே மாசம் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சொந்தக்காரங்க வீட்ல ஒம்பது பேரு தங்கியிருந்தோம், கோடை விழா கூட்டத்துல வெளிய போக வழியில்ல, சாயங்காலம் மழை வேற புடிச்சுக்குச்சு. சராசரி ரேட்டிங் பத்துக்கு எட்டு சொச்சம் இருக்குன்னு நான்தான் ஒரு படத்தைப் போட்டேன். அரை மணி நேரத்துல அத்தை எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க, பசங்க போர்வைக்குள்ள போன் பாக்க ஆரம்பிச்சாங்க, நானும் மச்சானும் மட்டும்தான் கடைசி வரைக்கும் இருந்தோம். படம் அருமையான படம், எனக்கு அதுல இப்பவும் மாத்துக் கருத்து இல்ல. அடுத்த நாள் ஆப் சொல்றதைக் கேட்டுப் பாக்கலாம்னா அது அந்த வீட்டு டிவில குழந்தைங்க பாத்த கார்ட்டூனை வெச்சு கணிச்சுட்டு இருந்துச்சு.

அப்பா போனை வாங்கி, ஐஎம்டிபிங்கற சினிமா தளத்துல ரேட்டிங்கைத் தட்டினா ஒன்னுலருந்து பத்து வரைக்கும் எத்தன பேரு போட்டாங்கன்னு பட்டை பட்டையா வருமே, அதைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. "பத்தை விடு சாமி, ஒன்னு, ரெண்டு, மூணு போட்டது எத்தன பேருன்னு பாரு"ன்னாரு. கூட்டமா பாக்கறப்ப ஒருத்தருக்கு உசுரா பிடிக்கறது முக்கியமில்ல, யாருக்கும் எரிச்சல் வராம இருக்கறதுதான் முக்கியம். ஆராய்ச்சி பண்றவங்க இதுக்கு லீஸ்ட் மிசரின்னே ஒரு பேரு வெச்சிருக்காங்கன்னு நான் ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன். அன்னிக்கி 6.9 இருந்த ஒரு படத்தைப் போட்டோம், பட்டை எல்லாம் ஆறு, ஏழு, எட்டுலயே குவிஞ்சிருந்துச்சு, கீழ ஆளே இல்ல. ஒம்பது பேரும் முழுசா பாத்தோம்.

இன்னொன்னு, நம்பரைப் பாக்கறப்ப அது எந்த நம்பர்னு பாத்துக்கங்க. விமர்சனங்களைத் தொகுத்துக் காட்டற ராட்டன் டொமேட்டோஸ் தளத்துல விமர்சகர்கள் பேருல 90 சதவீதம்னு இருந்தா அது மார்க் இல்ல, நூத்துக்குத் தொண்ணூறு விமர்சகர் பரவால்லன்னாச்சும் சொன்னாங்கன்னு அர்த்தம். நெட்ஃபிளிக்ஸ்ல முன்னாடி காட்டின ஸ்டார் உங்களுக்குன்னு கணிச்சது, ஆனா ஜனங்க அதை எல்லாரும் போட்ட சராசரின்னு நினைச்சுக்கிட்டாங்க, அதுவும் ஒரு காரணமா 2017-ல ஸ்டாரை எடுத்துட்டு கட்டைவிரலும் சதவீதமும் கொண்டு வந்தாங்க. அந்த சதவீதமும் படத்தோட தரத்தைச் சொல்லல, உங்களுக்குப் பொருந்துமாங்கறதை மட்டும்தான் சொல்லுச்சு.

கணிப்பு சரியா வரணும்னா வீட்ல ஆளுக்கொரு ப்ரொஃபைல் வெச்சுக்கங்க, பிடிக்காத படத்துக்கும் பாதில நிறுத்தின படத்துக்கும் மறக்காம மார்க் போடுங்க. பிடிச்சதுக்கு மட்டும் போட்டா நீங்க எதை வெறுக்கறீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்.

அப்பாவுக்கும் தனியா ஒன்னு ஆரம்பிச்சுக் குடுத்தேன். நோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கெழமை முழுக்க உக்காந்து மார்க் போட்டாரு, வசூல் அள்ளின படத்துக்கெல்லாம் ரெண்டு, மூணுதான். மேட்டூர்ல நாலு நாள்ல பெட்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்த ஒரு படத்துக்கு அஞ்சு போட்டுட்டு, "இது எனக்குப் பிடிச்சிருந்துச்சான்னு இன்னி வரைக்கும் யாரும் கேட்டதில்ல"ன்னாரு.