மண் வார்ப்பில் கசியாத கூடு பிரஷர் டையில் கசியுமா?

கேள்வி: ஏற்காட்டுத் தோட்டங்களுக்கு மிளகு உதிர்க்கும் இயந்திரம் செய்கிறேன். கியர்பாக்ஸ் கூட்டை அலுமினியத்தில், மண் வார்ப்பில், 25 எண்ணம் வார்த்தேன். ஒரு சீசன் முழுக்க ஆயில் கசியவில்லை. இனி ஆண்டுக்கு 1,500 வேண்டும். “இதே பேட்டர்னை (மண்ணில் பதிக்கும் மாதிரி) வைத்து பிரஷர் டை வெட்டிவிடலாம், முழுப் பணமும் முதலில் கொடுங்கள்” என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் எண்ணிக்கைக்கு பிரஷர் டையே (உருகிய உலோகத்தை அழுத்தத்தில் பீய்ச்சும் இரும்பு அச்சு) வேண்டாம், கிராவிட்டி டை (உலோகத்தை அழுத்தமில்லாமல் ஊற்றும் இரும்பு அச்சு) போதும். ஒழுங்காகப் பராமரித்தால் பிரஷர் டை ஒரு லட்சம் ஷாட் (வார்ப்பு) வரை தாங்கும். ஆண்டுக்கு 1,500 எடுப்பவருக்கு அது அறுபது வருடச் சரக்கு. அத்தனை பணத்தை இரும்பில் முடக்குவதில் லாபம் ஏஜென்டுக்கு மட்டும்தான்.

கசிவுக்கு வருவோம். பிரஷர் டையில் உலோகம் பீய்ச்சி அடிக்கப்படுவதால் காற்றும் உள்ளே சிக்கிக்கொள்ளும். மேல்தோல் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கெட்டியாக இருக்கும், அதற்கு அடியில் பொடிப்பொடி ஓட்டைகள். மண் வார்ப்புக்கு விட்ட 3 மி.மீ. மெஷினிங் அலவன்ஸை (கடைந்தெடுக்க விடும் கூடுதல் தடிமன்) அப்படியே விட்டுக் கடைந்தால் அந்தத் தோல் போய்விடும். பேரிங் உட்காரும் துளையில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரியும், ஆயில் அந்த வழியாகத்தான் வெளியே வரும். உங்கள் கூட்டின் உள்ளே குழிவு இருந்தால் இன்னொரு சிக்கல். குழிவை உருவாக்க உள்ளே வைக்கும் கோர் மண்ணாக இருந்தால் உடைத்து உதிர்த்துவிடலாம், ஸ்டீல் கோர் நேராக வெளியே வந்தாக வேண்டும். கிராவிட்டி டையில் மண் கோர் வைக்கலாம்.

“இதே பேட்டர்ன் போதும்” என்பதும் தவறு. பேட்டர்னில் அலுமினியம் சுருங்குவதற்காக ஏறத்தாழ 1.3 சதவீதம் கூட்டியிருப்பார்கள். 200 மி.மீ. நீளத்துக்கு அதுவே 2.6 மி.மீ. டையில் சுருக்கக் கணக்கு வேறு, அலவன்ஸும் வேறு. மெஷினிங் முடிந்த அளவுகளோடு புதிய டிராயிங் போடுங்கள். சுவர்களுக்கு 2 டிகிரியாவது சரிவு கொடுங்கள். அலாய் (அலுமினியக் கலவை) எல்எம்25 என்று அதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் கையில் இருக்கும் ஸ்கிராப்பை உருக்கி ஊற்றுவார்கள்.

சாம்பிள் என்று ஐந்து பீஸை நீட்டுவார்கள். அவை பொறுக்கியெடுத்தவை. தொடர்ச்சியாக வார்த்த 50 பீஸைக் கேட்டு, மெஷினிங் முடித்து, வாய்களை அடைத்து, சதுர செ.மீ.க்கு அரை கிலோ காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் ஒரு நிமிடம் அமுக்குங்கள். குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டமிடுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் வந்தால் டையில் ரைசரை (உலோகம் சுருங்கும்போது ஈடுகட்டி ஊட்டும் வாய்) மாற்ற வேண்டும், சிதறி வந்தால் உருக்கிய உலோகத்தில் வாயு இருக்கிறது. பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

டை யார் பெயரில் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். “டை உங்கள் பெயரில் இருந்தால் மூன்று வருடத்தில் ஜிஎஸ்டி தொல்லை, எங்கள் பெயரிலேயே இருக்கட்டும்” என்பார்கள். ஜாப் ஒர்க்குக்கு (வெளியாரிடம் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) அனுப்பும் மூலப்பொருள் ஒரு வருடத்திலும் இயந்திரம் மூன்று வருடத்திலும் திரும்ப வேண்டும் என்கிறது சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 143-ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவு மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர் ஆகியவற்றுக்குக் கெடு இல்லை என்றும் சொல்கிறது. அலுமினியம் பவுண்டரியுடையது (வார்ப்பாலை), டை மட்டும் உங்களுடையது என்றாலும், இலவசமாகக் கொடுக்கும் டைக்கு வரி இல்லை என்று ஜிஎஸ்டி பற்றிய 2018 ஜூன் 8 சுற்றறிக்கை சொல்கிறது. டையை நீங்கள் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை தெளிவான விதியைச் சிறு தொழில் செய்பவரிடம் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்க யாருக்கும் மனமில்லை. அந்த இருட்டில்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

டை பில் உங்கள் பெயரில் வரட்டும். டையின் இரண்டு பாதியிலும் உங்கள் பெயரை வெட்டச் சொல்லுங்கள். பவுண்டரிக்கு டெலிவரி சலானோடு அனுப்பி, கையெழுத்திட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டர்னைத் தூக்கிப் போடாதீர்கள். டை பழுதுக்குப் போகும் வாரங்களில் மண் வார்ப்பில்தான் ஆர்டரைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.