காட்மியம் உடலுக்குள் சென்றால் எலும்பு ஏன் முறிகிறது?

காட்மியம் என்பது துத்தநாகத் தாதுவுடன் சேர்ந்தே கிடைக்கும் நச்சு உலோகம். உணவின் வழியாகவும் புகையிலைப் புகையின் வழியாகவும் உடலுக்குள் வரும் இது, சிறுநீரகத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தங்கிவிடுவதால், மடை அடைபட்ட கண்மாய் சிறு நீர்வரத்திலேயே நிரம்பிவிடுவதைப் போல, அன்றாடச் சிற்றளவே காலப்போக்கில் கேடாகிறது. பழுதடைந்த சிறுநீரகம் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சிறுநீரில் கசியவிடும்போது எலும்பு மென்மையாகிறது.

ஜப்பானின் தொயாமா மாகாணத்தில், ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றுநீருடன் நெல்வயல்களில் படிந்து, பெரும்பாலும் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களுக்கு, இருமினாலே எலும்பு முறியும் ‘இதாய் இதாய்’ நோயைத் தந்தது. மாசினால் வந்த நோய் என்று அரசு ஏற்கவே 1968 ஆகிவிட்டது. மேயும் விலங்குகளிலும், குறிப்பாக வயது முதிர்ந்த குதிரைகளின் சிறுநீரகத்தில், காட்மியம் இப்படியே சேர்கிறது.

அரிசியை நன்றாகக் களைந்தால் காட்மியம் முழுவதும் போய்விடும் என்று பலர் எண்ணுவது சரியன்று. வேர் உறிஞ்சிய உலோகம் நெல்மணிக்கு உள்ளேயே இருக்கிறது.