மூட்டு மாற்றிய இடத்தில் முளைக்கும் எலும்பு

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. முதுகெலும்பு இறுகும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நோயால் நான்கு மாதங்களுக்கு முன் வலது இடுப்பு மூட்டை மாற்றினோம். முதலில் நன்றாக நடந்தவன், இப்போது குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியாமல் தவிக்கிறான். மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பதாக எக்ஸ்ரே காட்டுகிறது. பாலும் கருவாடும் சாப்பிட்டதால்தான் என்கிறார் அம்மா. எண்ணெய் போட்டு நீவினால் இளகும் என்கிறார் ஊர் வைத்தியர். இடது மூட்டையும் மாற்ற வேண்டுமாம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், பாலுக்கும் கருவாட்டுக்கும் இதில் பங்கில்லை. அறுவையில் காயம்பட்ட தசைக்குள் இருக்கும் சில செல்கள் எலும்பு உண்டாக்கும் செல்களாக மாறி, எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் அசல் எலும்பையே உருவாக்கிவிடுகின்றன. இது புற்றுநோய் அன்று. ஆண்களுக்கும், உங்கள் தம்பிக்குள்ள நோய் உடையவர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல். இந்நோய் இளவயதிலேயே இடுப்பைப் பிடிப்பதால்தான் 30 வயதுக்காரர்களிடமும் இதைப் பார்க்கிறோம். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு வளர்ச்சியின் அளவை வைத்து 1973-இல் புரூக்கர் என்ற மருத்துவர் வகுத்த நான்கு படிகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நான்காவதில் மூட்டு ஒட்டிக்கொண்டதுபோலவே தெரியும். தம்பிக்கு எந்தப் படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீவுவது வேண்டாம். நம் பக்கத்தில் முட்டைப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் கைத்தேர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாற்று மூட்டை வலிக்க வலிக்க வளைத்து இழுத்தால் தசை மேலும் காயப்படும், மூட்டு நழுவவும் கூடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் அளவான பயிற்சி போதும். அந்த இடம் சூடாக வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எலும்பு வளர்ச்சிதான் என்று இருந்துவிடாமல், சீழ்த்தொற்றோ காலில் ரத்த உறைவோ இல்லையென்று உடனே உறுதிசெய்ய வேண்டும்.

வளர்ந்த எலும்பை மருந்தால் கரைக்க முடியாது. அசைவு மிகவும் முடங்கினால் வெட்டி எடுக்கலாம். ஆனால் அது முதிர்ந்து அடங்கும்வரை, பொதுவாக ஓராண்டளவு, பொறுப்பது வழக்கம்.

இடது மூட்டு விஷயத்தில்தான் இப்போதே கவனம் தேவை. ஒரு பக்கம் இப்படி வளர்ந்தவருக்கு மறுபக்கமும் வளரும் வாய்ப்பு அதிகம் என்பதால், தடுப்பை அறுவைக்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். இண்டோமெதசின் போன்ற வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரையைச் சில வாரங்கள் தரலாம். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொரு வழி, அறுவைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ பிந்தைய 72 மணி நேரத்துக்குள்ளோ ஒரே தவணையாகக் கொடுக்கும் குறைந்த அளவுக் கதிர்வீச்சு. இளவயதினருக்கு அதன் நன்மை தீமைகளை எடைபோட்டே தருவார்கள். அந்த நேரம் தவறினால் பயன் குறையும். ஆகவே இடது மூட்டுக்குத் தேதி குறிக்கப் போகும்போது வலது இடுப்பின் எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள்.